கசிவு

முஹரக்கில் இரவு இரண்டு மணி.
தெருவுக்குள் நுழையும் தண்ணீர்
வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் குறைகிறது.
குறைகிறது என்பது மீட்டருக்குத் தெரியும்.
எங்கே என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தார்மேல் ஒலிவாங்கியை ஊன்றி
ஹெட்போனை மாட்டிக் குனிகிறேன்.
நிறுத்திய பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து
குப்பூஸைப் பிய்த்தபடி கேட்கிறான் சவரிமுத்து:
"என்ன சத்தம்னு தெரிஞ்சா நீ தேட வேண்டியதில்ல.
தெரியலன்னா, காதுல வந்து விழுந்தாலும்
இதுதான் அதுன்னு எப்பிடிச் சொல்லுவ?"

நியாயமான கேள்வி.
வாயில் பருப்போடு கேட்டிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

நான் தெருவைக் கழித்துக்கொண்டிருந்தேன்.
இந்த முனகல் பள்ளிவாசல் ஏசி. அல்ல.
இது டிரான்ஸ்ஃபார்மர். அல்ல.
யாரோ குளிக்கிறார்கள், நின்றுவிட்டது, அல்ல.
இது என் கழுத்து நரம்பு.
கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.
பார்த்தே இராத ஒருவனுக்காக வாசலில் நின்று
வருகிறவர்களையெல்லாம்
நீ இல்லை, நீ இல்லை என்று
எந்தத் தைரியத்தில் திருப்பி அனுப்புகிறேன்?

மூன்றாம் இரவு ஒரு சீறல்.
சுண்ணாம்பில் வட்டம் போட்டேன்.
காலையில் வெட்டினார்கள்:
உலர்ந்த மணல், பெப்சி மூடி, ஒரு பழைய சிப்பி.
ஃபோர்மேன் என்னைப் பார்க்காமலே என் பெயரைச் சொன்னார்.
எல்லோரும் போனபின் குழிக்குள் இறங்கினேன்.
வடக்குப் பக்க மண்ணில் கன்னம் வைத்தால்
கொஞ்சம் குளிர்ச்சி.
சரியான இடம் இல்லை.
கேட்பதற்கு நல்ல இடம்.

வடக்கே பதினோரு அடி.
பூட்டிய வீட்டு மதிலோரம் ஒரு வேம்பு.
யாரும் தண்ணீர் ஊற்றாத வேம்பு.
தெருவின் மற்ற மரங்கள் ஆகஸ்டில் சாம்பலாய் நிற்க
இது மட்டும் தளதளவென்று.
நான்கு இரவும் அதன் அடியில்தான் பிக்கப்பை நிறுத்தினோம்.
பிக்கப் நின்றதால் அங்கே மட்டும்
ஒலிவாங்கியை வைக்கவில்லை.
அதன் நிழல் விழும் தெருவிளக்கில்தான்
சவரிமுத்து என்னைக் கேட்டான்.

பார்த்திருக்கிறேன்.
பச்சை என்று பார்த்திருக்கிறேன்.
குடிக்கிறது என்று பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் குழாய் அகப்பட்டது,
வேர் பிடித்து இறுக்கிய மூட்டில்
ஊசி நுனியளவு வாய்.

படிவத்தில் ஒரு கட்டம்: கண்டறிந்த முறை.
கட்டைவிரல் அகலம்.
'சத்தம்' என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தான் சவரிமுத்து.
"அப்ப மரம்? அப்ப அந்த வெட்டிக்குழி?"
இடமில்லை என்றேன்.

அவன் கேள்விக்கும்தான்.
அடுத்த தெருவின் எண்
அதற்குள் போனில் வந்திருந்தது.
இந்த முறை பிக்கப்பை எங்கே நிறுத்துவது என்று
இருவரும் ரொம்ப நேரம் யோசித்தோம்.