மூன்றாவது சட்டை

மார்கழி. ஐந்தேகால்.
கடல்பக்க ஜன்னலைத் திறந்து
முழங்கை வரை வெளியே நீட்டிப் பார்க்கிறேன்.
வாடை.
கையில் மயிர் எழும்புகிறது.
போனுக்கு இது இருபத்திமூன்று பாகை,
எனக்கு இரண்டு சட்டையா, மூன்றா.

எட்மன்டனிலிருந்து கேதாரன் சொன்னது:
"அடியில வேர்வையை வெளியில தள்ளுறது,
நடுவில சூட்டைப் பிடிச்சு வைக்கிறது,
மேல காத்தை மறிக்கிறது.
பருத்தி மட்டும் வேண்டாம் மச்சாள்,
நனைஞ்சா அது விட்டுப் போகாது."
தாடியில் பனி உறைந்த படமும் அனுப்பினான்,
சைக்கிளோடு, பல் தெரிய.

என்னிடம் இருப்பவை:
கரப்பந்து ஆடிய காலத்து வெள்ளை ஜேர்சி,
முதுகில் ஏழு.
இவருடைய கைநீளச் சட்டை.
மழைக்கோட்டும் இருக்கிறது,
போட்டால் இடியப்பம் மாதிரி அவிந்துபோவேன்.
ஆகவே நேற்றைய பேப்பர்.
இரண்டு தாளை மடித்து
ஜேர்சிக்கும் சட்டைக்கும் நடுவே செருகினேன்.
மிதிக்க மிதிக்கச் சரசரக்கிறது,
யாரோ எனக்குள்ளிருந்து
பக்கம் புரட்டுகிற மாதிரி.

உப்புவெளி தாண்டும் வரை
காற்றோடு நெஞ்சுக்கு நெஞ்சு.
பேப்பர் தாங்கியது.
அலஸ்தோட்டத்தில் மேல் பொத்தான் இரண்டு,
பிறகு கைகளை மடித்து,
பிறகு சட்டையே இடுப்பில்.
சாம்பல்தீவுப் பாலத்தில்
தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.
நின்றதுதான் பிழை.
ஈரமுதுகை வாடை கண்டுபிடித்துவிட்டது.

கீழே ஒருவர், மேலில் ஒன்றுமில்லை,
இடுப்பு வரை களப்பை உடுத்திக்கொண்டு
வலை வீசிக்கொண்டிருந்தார்.
"என்ன தங்கச்சி, காய்ச்சலா?"
"இல்லையண்ணை, குளிர்."
சிரித்தார்.
"தண்ணிக்குள்ள சூடுதான்.
ஏறினாத்தான் நடுங்கும்.
அதான் ஏறுறதில்ல."

மணலை ஆறு வாங்கினேன்.
சுற்ற அவரிடம் ஏதுமில்லை.
கக்கத்தைப் பார்த்தார்.
கொடுத்தேன்.

திரும்பும் வழியில் காற்று முதுகைத் தள்ள
ஹாண்டிலில் மீன் ஆட
மிதிக்கவே தேவைப்படவில்லை.

வீட்டுக் கண்ணாடியில்
ஜேர்சி முழுக்க மை.
நேரே பார்த்தால் புரியாத கிறுக்கல்,
கண்ணாடிக்குள் ஒழுங்காக வாசிக்கலாம்:
திருகோணமலையைப் பிறப்பிடமாகவும்
எட்மன்டனை வதிவிடமாகவும் கொண்ட
அன்னார்
என்று வயிற்றருகே முடிகிறது.
பெயர் மீனோடு போய்விட்டது.
குப்பைக்குள் கிளறிப் பார்த்தேன்,
செதிலும் சொதசொதப்பும்தான்.

கேதாரனுக்கு உடனே ஒரு செய்தி.
அங்கே இரவு ஏழரை இருக்கும்.
ஒரு சரி வந்தது. பிறகு இரண்டு.
பிறகு நீலம்.
"என்ன மச்சாள், இண்டைக்கு எத்தனை சட்டை?"

மூன்று, என்று அடித்தேன்.
ஒன்றை மீனுக்குக் கொடுத்துவிட்டேன்.