கடைவாய்ப் பல்

ஈவினிங் பஜாரில் குடைக்கடைக்கு மேல்மாடி.
பலகையில் சிவப்பு ஈறும் முப்பத்திரண்டு வெள்ளைப் பல்லும்.
கீழே ‘ஹூ, சீன பல் வைத்தியர்’ என்றிருக்க வேண்டும்.
பெயிண்டருக்கு ‘ஹூ’ வரவில்லை, ‘கூ’ என்று எழுதிவிட்டான்.
பன்னிரண்டு வருஷமாக அவர் அதைத் திருத்தவில்லை.
கட்சி அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான்,
படியேறும்போதெல்லாம் எனக்குத்தான் உறுத்தும்.

அறுபதாம் வருஷம், ஆடி மாதம்.
காலையில்தான் ஒரு புரூஃப் பார்த்திருந்தேன்:
செஞ்சீன வயல்களில் அபார விளைச்சல்.
‘பூஜ்யம் ஒண்ணு கூடுதலா விழுந்திருக்கா தோழர்?’
‘மூலத்துல அப்படித்தான் இருக்கு.’
சரி என்று ஓரத்தில் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன்.
செங்கல்பட்டில் அப்பா குத்தகைக்கு உழுத மண்
அதில் பத்தில் ஒன்று கூடத் தந்ததில்லை.
அதனால்தான் நம்பினேனோ என்னவோ.

ஹூ என் வாயில் மாவை அப்பினார்.
‘அச்சு எடுக்கணும். ஆடாதே. பேசாதே. அஞ்சு நிமிஷம்.’
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதம்.

‘தம்பி எழுதிக்கிறான். ஊர்ல நெல்லு மலை மாதிரியாம்.
எல்லாருக்கும் ஒரே சமையல்கூடம்.
வீட்டுச் சட்டியெல்லாம் உருக்கி இரும்பு பண்ணிட்டாங்களாம்.
சந்தோஷமா இருக்கோம்னு மூணு தடவ எழுதிக்கிறான்.
கடைசி வரில, முடிஞ்சா கடலெண்ணெய் அனுப்புன்றான்.’

ஜன்னலுக்குக் கீழே டிராம் நின்றுபோன தண்டவாளம்.
மாவு சூடேறி இறுகிக்கொண்டிருந்தது.

‘எங்க சித்தப்பா நெலத்த உழுதவனுக்கே குடுத்தாங்க.
அதுல எனக்கு வருத்தமில்ல சார். அவன் நல்லவன்.
மண்ணக் கையில வச்சுக்கினு அழுதானாம்.
ஏழெட்டு வருஷத்துல அவன்கிட்டருந்தும் வாங்கிட்டாங்க.’

பிறகு அலமாரியைப் பார்த்தார்.
கண்ணாடிக் குப்பியில், தண்ணீருக்குள் ஒரு பல்செட். சின்னது.
‘அம்மாவுக்குப் பண்ணது.
இனிமே அனுப்ப வேணாம், தேவப்படாதுன்னு எழுதிட்டான்.’

எனக்கு வாய் முழுக்க மாவு.
அது இல்லாதிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?
மாறும் காலத்தின் வேதனை என்றா?
அந்தத் தலைப்பில் நானே ஒரு கட்டுரை திருத்தியிருக்கிறேன்.

மறுநாள் பாரிமுனைத் தபாலாபீஸில்
அவருக்காகப் படிவம் நிரப்பினேன்.
உள்ளிருப்பது: சமையல் எண்ணெய், நாலு பவுண்டு.
காரணம்: அன்பளிப்பு.
போய்ச் சேர்ந்ததா, தெரியாது.

யுத்தம் வந்த கார்த்திகையில்
யானைகவுனி ஸ்டேஷனில் ஒரே பெஞ்சு எங்களுக்கு.
என்னைச் சீனாக்காரன் ஆள் என்று பிடித்தார்கள்,
அவரைச் சீனாக்காரன் என்று.
ஏட்டு டீ வாங்கி வரச் சொன்னார், யாருக்கு என்று சொல்லவில்லை.
ஹூ என் பக்கம் சாய்ந்து, ‘கடிக்குதா?’ என்றார்.
இல்லை என்றேன்.
கீழ் வலப்பக்கம் ஈறை அறுத்துக்கொண்டிருந்தது.
அவருக்கு வாராவாரம் கையெழுத்து. எனக்குக் கடலூர்.

ஜெயிலில் கேழ்வரகுக் களியை
அவர் செய்த பல்லால் பதினாலு மாதம் மென்றேன்.
தோழர்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போட்டார்கள்.
எந்த அணி என்று கேட்டபோதெல்லாம்
பல்வலி என்றேன். பொய்யில்லை.

வெளியே வந்து படியேறினேன்.
பலகையில் ‘சீன’ மட்டும் வெள்ளையடிக்கப்பட்டு
ஒரு சொல் அகலத்துக்குக் காலியிடம்.
‘கூ’ அப்படியே இருந்தது.
ஹூ நாற்காலியைத் தட்டினார். வாயைத் திறந்தேன்.
விரல் வலப்பக்க ஈறுக்கு நேராகப் போய் நின்றது.
‘அன்னிக்கே சொல்றதுக்கு என்னா?’

அவர் தோளுக்குப் பின்னால் அலமாரி.
குப்பி அங்கேயேதான் இருந்தது.
தண்ணீர் அன்று காலை மாற்றியது போலத் தெளிவு.