கடல்மட்டத்துக்கு மேல்

மண்டிக்கு அந்தப் பக்கம் சாலை
ஆற்றோடு போய்விட்டது என்றான்
கஷ்மீரி கேட் கவுண்டர்ப் பையன்.
பணம் ஏழு நாளில் திரும்பும்.
சாலை திரும்பும் நாள் அவனுக்குத் தெரியாது.

தோளில் பன்னிரண்டு கிலோ.
இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா,
கம்பளிக் காலுறை நான்கு ஜோடி.
ஜூலை மாதத் தில்லி என்னைப் பிழிந்து
காயப்போடக் கொடி தேடிக்கொண்டிருந்தது.

மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த மணாலி.
தனியாவா, தனியாவா என்றவர்களிடம்
தனியாத்தான், தனியாத்தான் என்று
சொல்லியே பாதிக் களைப்பு.
பனி ஃபோட்டோ கேட்டு
கரூரில் என் செக்‌ஷனே காத்திருக்கிறது.

சரி,
இருக்கிற மேட்டில் ஏறுவோம்.

பையைக் க்ளோக் ரூமில் போட்டுவிட்டு
ஆட்டோ பிடித்து ரிட்ஜுக்குப் போனேன்.
ஆரவல்லியின் வால் இங்கே முடிகிறதாம்.
வால்தான்.
மூச்சு வாங்கத் தொடங்கும்முன் உச்சி வந்துவிட்டது.
சுற்றிப் பார்த்தால்
இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் கடந்தும்
அதே சீமைக்கருவேலம்.
நீயுமா, என்றேன்.
அதன் கிளையிலிருந்த குரங்கு
என் தண்ணீர் பாட்டிலைத்தான் பார்த்தது.

கொடிக்கம்பக் கோபுரத்துக் காவலாளி
"அகேலி?" என்றார்.
எனக்குத் தெரிந்த நாற்பது இந்திச் சொற்களில்
காலையிலிருந்து நன்றாகப் பழகிவிட்ட சொல்.
"அகேலி" என்றேன், கேள்விக்குறி இல்லாமல்.

கொஞ்சம் தள்ளி அசோகர் தூண்.
எப்போதோ ஒரு வெடிப்பில்
ஐந்து துண்டாகி ஒட்டி நிறுத்தியது.
ஒட்டிய இடங்கள் தெரிகின்றன.
யாரும் பூசி மறைக்கவில்லை.
அங்கே தேவைக்கு அதிகமாகவே நின்றேன்.

பசித்தது.
மஜ்னு கா டீலாவில்
இருவர் எதிரெதிரே வந்தால்
ஒருவர் கடைக்குள் ஏறி வழிவிட வேண்டிய சந்து.
மேலே ஐந்து நிறத்தில் மந்திரக்கொடிகள்,
அவற்றோடு சிக்கிக்கொண்ட கேபிள் வயர்கள்.
மோமோவுக்கு விரலால் எட்டு காட்டினேன்.
"எட்டு பத்தாதும்மா, பத்து சாப்புடு"
என்றாள் கடைக்காரி, தமிழில்.

பெயர் டோல்கர்.
பதினோரு மார்கழி திருச்சியில் ஸ்வெட்டர் விற்றவள்.
"ஐநூறு சொன்னா நூறுக்குக் கேப்பீங்க நீங்கள்லாம்."
அந்த வெயில்ல யாரு வாங்குவா, என்றேன்.
"எல்லாரும்தான்.
வருஷத்துல பத்து நாளாச்சும் குளிரட்டுமேன்னு
ஆசை இருக்குல்ல."

அவள் தலைக்குப் பின்னால்
சுவர் நிறையப் பனிமலைப் போஸ்டர்.
உங்க ஊரா?
"நான் முண்ட்கோடு. கர்நாடகா.
சோளக்காட்டுல பொறந்தேன்.
மலை எங்கப்பா பாத்தது.
நான் இதுலதான் பாக்குறேன்."
போஸ்டரின் கீழ்மூலையில்
எறும்பு எழுத்தில் சிவகாசி.

அவளே கொக்கியிலிருந்து ஒரு ஸ்வெட்டர் எடுத்து
என்னைப் போடச்சொன்னாள்.
போஸ்டர் ஆடாமலிருக்க
மின்விசிறியையும் நிறுத்தினாள்.
ஒரு நிமிடம், முப்பத்தொன்பது டிகிரியில்,
இமயத்தின் முன் நான்.
புருவத்திலிருந்து வழிந்ததைத் துடைத்துவிட்டு
மறுபடி எடுத்தாள்.
"இப்ப நல்லாருக்கு. குளிர்ற மாதிரி இருக்கு."
ஸ்வெட்டருக்கு விலை கேட்டேன்.
சொன்னாள்.
பேரம் பேசவில்லை.
பதினோரு மார்கழிக்கும் சேர்த்து.

அந்தப் படத்தை அனுப்பவில்லை.
இரவு புதுதில்லி ஸ்டேஷனில்,
மஞ்சள் பலகையின் அடியில்
கடல்மட்டத்துக்கு மேல்
இருநூற்றுச் சொச்சம் மீட்டர் என்றிருந்தது.
கரூருக்கு எவ்வளவு என்று தேடினேன்.
எப்படிக் கழித்தாலும்
ஏறக்குறைய நூறு மீட்டர்
ஏறித்தான் இருக்கிறேன்.

பலகையைப் படமெடுத்து சுகிர்தாவுக்கு அனுப்பினேன்.
பனி எங்கடி, என்று கேட்டாள்.
க்ளோக் ரூம் சீட்டு
பர்ஸில் இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருந்தது.
இப்போது மூன்று ஸ்வெட்டர்.
நாளை எங்கே என்று
இன்னும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.