மூன்றாம் இலக்கம்

நாலாம் குறுக்குத் தெருவில்
செத்தல் மிளகாய் மூட்டைகளுக்கு நேர் மேலே
ஒரு சேர்வரை வைத்தால்
அது தும்மாமல் என்ன செய்யும்.
காற்றாடியைத் துடைத்த துணி
சிவப்பாய் வந்தது.

நாலு வட்டுகள்.
ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே மாதத்து உற்பத்தி,
ஒரே வேலை, ஒரே வெக்கை.
ஒன்றுக்கு வந்தது மற்றதுக்கு வராது என்று
யார் எழுதித் தந்தது?

சனி மாலை ஒன்று படுத்தது.
அது பெரிய விஷயமில்லை.
நாலாவது சொல்ல இருந்ததை
மற்ற மூன்றும் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடும்;
அதற்குத்தான் இந்த அடுக்கு.
ஒன்று போனால் கணக்குப் பேசும்.
இரண்டு போனால்
கணக்கு வாயைப் பொத்திக்கொள்ளும்.

இரண்டாவதைப் பிடுங்கியது அனோஜன்.
மூன்றாம் இலக்கம் பழுது என்றிருக்கிறது திரை.
விரல் வைத்து எண்ணியிருக்கிறான்,
ஒன்று, இரண்டு, மூன்று,
இழுத்துவிட்டான்.
இயந்திரம் பூச்சியத்திலிருந்து எண்ணும் என்று
அவனுக்கு யாரும் சொல்லவில்லை.
நானும்தான். போன வருசம் இதைப் பூட்டிக் கொடுத்துவிட்டு
நாலு சின்னக் கடதாசி
ஒட்டாமல் போனவள் நான்.

"பேக்கப் எங்கே?" என்றேன்.
நவ்ஷாத் ஹாஜியார் பெருமையாய்க் காட்டினார்:
ஒவ்வொரு இரவும் பன்னிரண்டுக்குத்
தவறாமல் எடுத்திருக்கிறது,
அதே நாலு வட்டுக்குள்.

பெரிய வெங்காயம், பதினாலு கொள்கலன்,
துறைமுகத்தில் வெயிலில் நிற்கிறது.
சுங்கத்துக்குக் காட்ட வேண்டியதெல்லாம் இங்கே.
தாமதத்துக்கு நாள் வாடகை,
அழுகலுக்கு வேறு கணக்கு.
கீழே வெறும் வண்டிகளில்
நாட்டாமிகள் உறங்குகிறார்கள்,
நாளைய கூலி என் மேசையில்
மூடி கழன்று கிடப்பது தெரியாமல்.

எழுதாதே. ஓர் எழுத்தும் எழுதாதே.
வாசி, அவ்வளவுதான்.
எல்லாவற்றையும் வேறு வட்டுக்குப் பிரதி எடு,
பிறகு பிரதியில் பிழை விடு.
ஞாயிற்றுக்கிழமை பம்பலப்பிட்டியில்
ஒரு கடையைத் திறக்கவைத்து வாங்கியதை
ஆட்டோவில் மடியில் வைத்து வந்தேன்,
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
கையைக் கீழே கொடுத்து.

அனோஜன் பிடுங்கியது சுகமாய் வாசித்தது.
படுத்தது படுத்ததுதான்.
ஒன்றாம் இலக்கம்
எழுபத்திரண்டு வீதத்தில் விக்கத் தொடங்கியது.
டிக். டிக்.
ஒன்றுமில்லை.
டிக்.
முன்னாலிருந்து கேட்டுத் தராததைப்
பின்னாலிருந்து கேட்டேன்; கொஞ்சம் தந்தது.
மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்பிவிட்டு
நாங்கள் வேர்த்தோம்.
ஒரு மணிக்கு மின்சாரம் கண்ணடித்தது.
பற்றரி பிடித்துக்கொண்டது.
காவலுக்கு இருந்த சோமபால தலையை நீட்டி
"ஹரித, மிஸ்?" என்றார்.
"தவம நே."

பிரதிகளை அடுக்கி,
மூன்றாம் இலக்கம் இல்லாமலே எழும்பு என்று
வலுக்கட்டாயமாய்க் கட்டளை கொடுத்தேன்.
இந்தக் கட்டளைக்கு மட்டும்
அது ஒருதரம் திருப்பிக் கேட்கும்: நிச்சயமா?
நிச்சயமில்லை.
ஆம் என்று அடித்தேன்.

பெயர்கள் வந்தன.
முதலில் வருசங்கள், பிறகு கப்பல்கள்,
பிறகு வெங்காயம், பதினாலும்.
அனோஜன் கண்ணைத் துடைத்தான்.
மிளகாய் என்றான்.

பதினொரு துண்டுகள் வரவே இல்லை.
"அதில என்ன இருந்த?" ஹாஜியார் கேட்டார்.
எங்கே என்று சொல்லலாம், எத்தனை என்று சொல்லலாம்.
என்ன என்பது ஒன்றாம் இலக்கத்துக்குத்தான் தெரியும்;
அது இப்போது டிக் என்றும் சொல்வதில்லை.

விடியப்புறம் நாடா கிழித்துப்
பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டினேன்.
கீழே முதல் லொறி பின்னுக்கு வரும் சத்தம்,
யாரோ வண்டியில் தட்டி யாரையோ எழுப்புகிறார்.
பில் எழுத மணித்தியாலங்களை எண்ணினேன்.
ஒன்றிலிருந்து எண்ணினால் பதினெட்டு.
பூச்சியத்திலிருந்து எண்ணிப்
பதினேழு என்று போட்டேன்.