பதினைந்து அங்குலம்

வாழைக்காய் மண்டியில் எட்டு வருஷம் லோடு வண்டி ஓட்டினேன்.
இப்போது நாகமலைக்குக் கீழே, கண்மாயில்,
படகுக்குப் பின்னால் ரப்பர் வாழைப்பழம் இழுக்கிறேன்.
பழத்தை விட்டு விலக எனக்கு விதியில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரசின்னம்மாள் வந்தார்.
ஆயுதப்படை ஏட்டு. எடை எண்பத்தாறு,
கேட்காமலே சொன்னார்.
வாழைப்பழம் வேண்டாம்,
அந்தப் பலகையில் நிற்கணும் என்றார்.
கயிற்றுப் பிடியைக் கொடுத்தேன்.
முழங்கால் மடக்கி நீருக்குள் குந்தினார்
பரேடுக்கு நிற்கிற முகத்தோடு.

கைப்பிடியை முன்னே தள்ளினேன்.
எஞ்சின் முக்கியது.
படகின் மூக்கு வானம் பார்த்தது.
கயிறு விறைத்தது.
அவர் எழவில்லை,
கண்மாயை வாயால் அளந்தபடி
பின்னால் வந்தார்.
மூன்று தடவை.

கரையில் போண்டா தின்றவர்கள்
எடையக் குறைச்சிட்டு வாங்கக்கா என்றார்கள்.
அவரும் சிரித்தார்.
சிரித்தபடியே துண்டை எடுத்து
கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடிக்கொண்டார்.

அந்தத் துண்டை நான் பார்த்திருக்கக் கூடாது.

ராத்திரி எஞ்சினைத் தூக்கி நிறுத்தி
டார்ச் அடித்தேன்.
மூன்று இதழ். குமிழில் பொறித்த எண் பத்தொன்பது.
ஒரு சுற்றுக்குப் பத்தொன்பது அங்குலம்
தாவத் துடிக்கிற விசிறி.
முதலாளி தாவீது ஆசைப்பட்டு வாங்கியது.
தனியாளாக ஓட்டினால் அறுபதைத் தொடும்,
போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார்.
பின்னால் ஆள் தொங்கினால்
முள் நாலாயிரத்து அறுநூறில்
மூச்சு வாங்கி நின்றுவிடும்.
இருநூறு தார் ஏற்றிக்கொண்டு
டாப் கியரில் யானைக்கல் பாலம் ஏறுகிற வண்டி.
அப்படி ஏறினால் மண்டியில் செருப்படி விழும்.
இங்கே பழி
பலகை பிடித்தவர் உடம்பின்மேல் விழுகிறது.

மஹபூப்பாளையம் ஜாபருல்லா பென்சிலைக் காதில் செருகினார்.
அங்குலம் ஒன்று குறைத்தால்
இருநூறு சுற்று கூடும்.
பதினைந்துக்கு வா.
நாலு இதழ் போடு,
அது தண்ணீரை நழுவவிடாது.
எவர்சில்வர் வேண்டாமா என்றேன்.
உன் கண்மாய்க்குள் கருவேலங்கட்டை இருக்கா?
இருக்கு.
அப்போ அலுமினியம்.
தட்டினால் இதழ் மடங்கட்டும்,
உள்ளே பல்சக்கரம் பிழைக்கட்டும்.
ஆள் இல்லாமல் ஓட்டும்போது மட்டும்
கைப்பிடியைக் கொஞ்சம் பின்னால் வை,
முள் ஆறாயிரம் தாண்டக் கூடாது.

கொச்சிப் பார்சல் ஆரப்பாளையத்துக்கு வந்தது
அழுகல் மாம்பழக் கூடைக்குக் கீழே.
மாட்டினோம்.
தாவீது ஒரு ரவுண்டு போய்வந்து
ஐம்பதைத் தாண்டலையே என்றார்
பணம் தொலைத்தவர் குரலில்.
கயிற்று நுனிக்கு முப்பதே போதும்ணே என்றேன்.
அந்த முப்பதை
நாலு நொடியில் கொடுக்கணும், அவ்வளவுதான்.
அவர் பதில் சொல்லவில்லை.
பழைய விசிறியைத் துடைத்து
டிக்கெட் கட்டு பறக்காமல் இருக்க
மேலே வைத்தார்.

ஏட்டம்மா வருவாரென்று நான் நினைக்கவில்லை.
போன் செய்ய எண்ணும் இல்லை,
என்னவென்று சொல்ல?
உங்க மேல தப்பில்லக்கா, பிட்ச் தப்பு என்றா?

மூன்றாவது ஞாயிறு வந்தார்.
குந்தினார்.
தள்ளினேன்.
எஞ்சின் இந்த முறை முக்கவில்லை,
பாடியது என்று சொல்லமாட்டேன்,
வேலை செய்தது.
கண்ணாடியில் முதலில் முடி தெரிந்தது,
தோள், இடுப்பு,
பிறகு பலகைக்குக் கீழே
தண்ணீர் தெரிந்தது.
முள் ஐயாயிரத்து முந்நூறு.
மலை நிழல் வரைக்கும் நின்றார்.
திருப்பத்தில் விழுந்தார்,
விழுந்த இடத்திலிருந்து
கெட்ட வார்த்தை ஒன்று சந்தோஷமாகக் கேட்டது.

தூக்கி ஏற்றியபோது
தம்பி, நான் இளைக்கலை,
ரெண்டு கிலோ கூடியிருக்கேன் என்றார்.

தெரியும்க்கா,
படகுதான் நாலு அங்குலம் இளைச்சுது.