நாற்பத்தேழாவது கேள்வி

‘மங்கலான’ என்பதை வரையறுக்கவும்.
மதிப்பீட்டாளர் கேட்டிருப்பது இவ்வளவுதான்.
வியாழக்கிழமைக்குள் பதில் போகவேண்டும்.
மற்ற நாற்பத்தாறுக்கும்
அட்டவணை உண்டு, இணைப்பு எண் உண்டு,
கையெழுத்துப் போட ஆள் உண்டு.

ஔலு நகரில் நவம்பர்.
மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
மேசைமேல் ஒரு சோதனைப் பட்டை:
விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு,
இருபது நிமிடம்.
ஒரு கோடு என்றால் இல்லை,
இரண்டு என்றால் இருக்கிறது.
ஹெபடைடிஸ் சி.
கல்லீரலில் இருபது வருடம்
கதவைக்கூடச் சாத்தாமல் குடியிருக்கும்,
சத்தமே கேட்காது.

நான் டாக்டர் இல்லை.
பத்தொன்பது வருடத்தில்
ஒரு நோயாளியின் முகம் பார்த்ததில்லை.
என்ன வேலை என்று யாராவது கேட்டால்
‘பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்குமே,
அந்தத் தாள்’ என்பேன்.
‘யாரும் படிக்காததா?’
ஆமாம். அதேதான்.

மார்ச்சில் பயனர் ஆய்வு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் நூற்றியிருபது பேர், ஒவ்வொருவராக.
எழுபத்தொன்றாம் எண்ணுக்கு
பேருந்து நிறுவனத்தின் நீல ஜாக்கெட்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
பட்டையை ஜன்னலுக்குக் காட்டினார்,
சாய்த்தார்.
(அவர் ரத்தம் அல்ல அது.
ஆய்வகத்தில் வேண்டுமென்றே நீர்த்து வைத்தது.
அவருக்கும் தெரியும்.
ஆனாலும் கை நடுங்கியது.)
‘இருக்கிற மாதிரிதான் இருக்கு,’ என்றார் தனக்கே.
‘இல்லைன்னு வெச்சுக்குவோம்.’
‘இல்லை’ கட்டத்தில் பேனா அழுத்தமாக இறங்கியது.

அவரைப் போல் இன்னும் இரண்டு பேர்.
நூற்றுக்குத் தொண்ணூற்றேழரை சரி.
போதும் என்றது எங்கள் திட்ட அறிக்கை.
போதும் இர்மெலி, என்றார்
விற்பனைப் பிரிவின் ஆர்ட்டுரி,
ஜனவரிக் கண்காட்சிக்கு இடம் பிடித்தாயிற்றாம்.

கோப்பை நிறுத்தினேன்.
ஒரு வாக்கியத்துக்காக ஏழு மாதம்:
எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான்.
ஆர்ட்டுரி இப்போதும் மின்தூக்கியில்
மாடி எண்களையே பார்த்துக்கொண்டு வருவார்.

இப்போது அந்த ‘மங்கல்’தான் மாட்டிக்கொண்டது.
எண் ஒன்று எழுதலாம்.
நிறமானி எந்த எண்ணும் கொடுக்கும்.
எழுதினேன், அழித்தேன்.
எங்கள் மொழியில் அதற்கு ஹெய்க்கோ.
மங்கிய கோட்டுக்கும்
தெம்பில்லாத ஆளுக்கும்
ஆற்றின்மேல் புதிதாகப் படிந்த பனிக்கட்டிக்கும்
ஒரே சொல்.
இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்:
ஹெய்க்கோ என்றால்
தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை.

இதை எப்படி இணைப்பு பதினொன்றில் சேர்ப்பது?

ஆறரைப் பேருந்து.
ஓட்டுநர் இருக்கையில் அதே நீல ஜாக்கெட்,
நெற்றியில் அதே கண்ணாடி.
பெயர் எனக்குத் தெரியக்கூடாது, தெரியாது.
அவருக்கு என்னைத் தெரிய வழியே இல்லை.
கேட்க ஒன்று இருந்தது:
ஆய்வு முடிந்து வீட்டுக்குப் போய்
உங்கள் சொந்தச் சொட்டு ரத்தத்தை
எங்காவது கொடுத்தீர்களா?
ரகசியக் காப்பு, பிரிவு ஒன்பது.
வாயைத் திறக்கவில்லை.

அட்டையை வைத்தேன். கருவி ஏதோ முனகியது.
பச்சையா, இல்லையா,
என் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை.
அவர் திரும்பிப் பார்க்காமலே
போங்க என்று கைகாட்டினார்.