எளிது

கழிமுகத்து ஊருக்கு மூன்று நடைகள்.
ஒரே தாள், மூன்று மடிப்பு, இருநூறு பிரதி.
ஒவ்வொரு நடைக்கும் நாற்பது சொல்தான் என்று
டம்ஃப்ரீஸ் அச்சகத்தார் கறாராகச் சொல்லிவிட்டார்.
நாற்பதில் முதல் சொல் 'எளிது'.
அதை எழுதும் பொறுப்பு என்னுடையது:
நெட்டா ஹனே, முப்பத்தொரு வருஷம்
இங்கே கடிதம் சுமந்தவள்.

என் கால் சொல்வதை நம்ப முடியாது.
அதற்கு எல்லாமே எளிது.
யூவர்ட்டைக் கூப்பிட்டேன்.
பக்கவாதம் வந்து பதினாலு மாதம்,
இடக்கையில் கோல், வலக்கை கோட்டுப் பையில்.
பேச்சு பாதி திரும்பியிருக்கிறது.
வசவு முழுதாகத் திரும்பிவிட்டது.

முதல் நடை, கடலோரம்.
ஓதம் வற்றிச் சேறு மினுங்கும் வேளை.
பழைய துறையின் கருங்கல் படிகள்
எங்கும் போகாமல் இறங்குகின்றன.
பாய்மரக் கப்பல்கள் இங்கேதான்
வயிறு நிறையக் கல்லேற்றிக்கொண்டு
அடுத்த ஓதத்துக்குச் சாய்ந்து கிடந்தன.
எட்டு நிமிஷம் என்றது முந்தைய தாள்.
யூவர்ட்டுக்கு முப்பத்தைந்து.
அதில் பத்து, ஒரு சிவப்பலகுப் பறவை
மட்டியைத் திறக்க மாட்டாமல்
திரும்பத் திரும்பக் கொத்தியதைப் பார்த்ததில்.
"அதுக்கும் எளிதில்லை" என்றார்.
குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது, காடு.
ஓக் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து,
மேல்காற்றிடம் எப்போதோ தோற்றவை.
காட்டுப்பூண்டு மிதிபட்டு
அடுப்படிப் பின்வாசல்போல் மணந்தது பாதை.
வேர்கள்தான் சிக்கல்.
இத்தனை வருஷம் அவற்றின்மேல் போய்வந்தவள்
ஒரு வேரைக்கூடப் பார்த்ததில்லை.
அவர் ஒவ்வொன்றுக்கும் நின்றார்,
கோலால் தட்டினார்,
உள்ளே ஆளிருக்கிறதா என்று கேட்பதுபோல்.
பதினேழாவது வேருக்கு அப்பால்
வேலியைத் தாண்டும் மரப்படி.
ஏறவில்லை. ஏறிப்பார்க்கவும் இல்லை.
மேல்பலகையில் கோலைச் சாய்த்துவிட்டு
அந்தப் பக்கத்துப் பூக்களை,
மரத்தடியெல்லாம் நீலம் நீலமாக,
வெகுநேரம் பார்த்தார்.
கைபிடித்து ஏற்றட்டுமா என்று நான் கேட்டது தப்பு.
வந்த பதில் சரியாக நாற்பது சொல் இருக்கும்.
அச்சில் போட முடியாது.

மூன்றாவது நடைக்கு நாங்கள் போகவில்லை.
தீவுக்குப் போகும் மணல்வழி அது.
ஓதம் விட்டுக்கொடுக்கும் மூன்று மணி நேரம் பாதை,
மற்ற நேரம் கடல்.
கரையில் காரிலேயே உட்கார்ந்து
ஃபிளாஸ்க் தேநீரைப் பங்கிட்டோம்.
தண்ணீர் ஓடி வரவில்லை.
ஒவ்வொரு குழியாக நிரம்பி,
எந்த நிமிஷம் மூடியது என்று தெரியாமல்
மூடியிருந்தது.
"எனக்கும் இப்படித்தான்" என்றார்.
"காலைச் சாப்பாட்டில். கரண்டி கீழே விழுந்தது."
அதற்குமேல் சொல்லவில்லை.
நான் முன்கண்ணாடியைத் துடைத்தேன், உள்பக்கம்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்:
எத்தனை வேர், எந்தக் கல்லில் உட்காரலாம்,
மழைக்குப் பின் எந்தப் படி வழுக்கும்.
அச்சகத்தார் வெட்டினார்.
வேர் போயிற்று, கல் போயிற்று, பறவை போயிற்று.
தாள் வந்தபோது மிஞ்சியது:
எளிது. எளிது.
எளிது, ஓத நேரம் பார்க்கவும்.

யூவர்ட் படித்துச் சிரித்தார், வாயின் ஒரு பக்கத்தால்.
பிறகு இருநூறையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.
மூன்று வாரம் கழித்து, கேட்காமலே,
தபால் நிலையத் தட்டில் திரும்ப அடுக்கிவைத்தார்.

ஜூனில் லீட்ஸிலிருந்து வந்த ஒரு பெண்,
முதுகில் குழந்தை,
தாளை என்னிடம் நீட்டிக் கேட்டாள்:
காட்டுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து
பென்சிலில் போகிறதே, ஓடையா இது?

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
இடக்கை எழுத்து.
முதல் பிரதிகளில் பறவைக் காலடி மாதிரி இருந்தது.
இதில் கொஞ்சம் நேராகியிருந்தது.

'மரப்படி வரைக்கும் போ.
ஏறாவிட்டாலும் தெரியும்.'